பத்து மணிக்குத் தொடங்கிய பக்கவிளைவு

மார்ச் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. காலை முழுவதும் தூறல். பிற்பகலில் தூறல் நின்றபோதும் வானம் மூடியே கிடந்தது. காற்று இல்லை. லாரிகளை எடை போடுவதற்கு மிகவும் ஏற்ற நாள். ஏனெனில், காற்றடிக்கும் நாளில் தார்ப்பாய் போர்த்திய லாரி தன் உண்மையான எடையைக் காட்டுவதில்லை.

மேற்கண்ட உண்மை, முப்பத்தோராண்டு காலம் எடைமேடையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் தம் அனுபவத்தால் கண்டறிந்ததாகும். அவரை எடைக்காரர் என்று அழைப்போம். அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் ஒரு துணிப்பையுடன் மருந்துப் பயண அளவை நிலையத்தின் வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மருந்து மனித உடலினுள் எவ்வழியே நுழைகிறது, எங்கெங்கே பரவுகிறது, எவ்வாறு உருமாறுகிறது, எப்போது வெளியேறுகிறது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண்பதே அந்நிலையத்தின் நோக்கம். இதற்கு ஆரோக்கியமான மனிதர்கள் தேவை. நோயாளிகளை நிலையம் விரும்புவதில்லை; அவர்களிடம் மருந்தோடு நோயும் இருப்பதால் கணக்குக் குழம்பிவிடும். இம்முறை, அறுபது வயதைக் கடந்த ஆரோக்கியமானவர் பன்னிருவர் தேவை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்திருந்தது. மூன்று இரவுகள் தங்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான ஒரு புதிய மாத்திரையை ஒரே ஒருமுறை விழுங்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு திரும்பலாம்.

அறிவிப்பின் இறுதியில், "பங்கேற்பாளரின் நலம், குறிப்பிட்ட கால இடைவெளிகளில் நேரில் விசாரிக்கப்படும்" என்றொரு வரி இருந்தது. எடைக்காரர் அவ்வரியை இரண்டு முறை படித்தார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு பெயர் கொடுக்கப் போனார்.

அவர் மனைவி இறந்து ஆறாண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் கடல் கடந்த ஊரொன்றில், பழங்களைக் குளிரூட்டிக் காக்கும் கிடங்கில் அடுக்கும் வேலை பார்த்தாள்; குளிரில் அவள் விரல்கள் விறைத்துப்போகும். அக்கிடங்கின் விடுதியில் தளத்துக்கு ஒரு தொலைபேசி. ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முறை உண்டு. அதன் நீளம் பத்து நிமிடம். பேச்சு எப்போது தொடங்கினாலும், முறையின் பத்தாம் நிமிடம் முடிந்ததும் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். அவளது முறை, இங்குள்ள கடிகாரப்படி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரும். மூன்றாண்டுகளில் எடைக்காரர் ஒரு சனிக்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை. வெள்ளிக்கிழமை விட்டுவிடுவார்கள், சனிக்கிழமைக்கு வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் பார்த்த பிறகே அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மகளிடம் இதைப் பற்றி எதுவும் கூறவில்லை.

நிலையத்தில் அவருக்குப் பதினோராம் எண் படுக்கை கிடைத்தது. அந்நொடியிலிருந்து அவரும் பதினோராம் எண் ஆனார்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் படிவ அலுவலர் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் நான்கு நிறப் பேனாக்கள் இருந்தன. மாத்திரை கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய வினாவை அவர் தாளைப் பார்த்து வாசித்தார்.

"இப்போது எப்படி உணர்கிறீர்கள்?"

"நல்லா இருக்கேன் சார். ஒரு குறையும் இல்ல."

அலுவலர் நீலப் பேனாவால் ஒரு கட்டத்தில் குறியிட்டார். எட்டு மணிக்கு எடைக்காரர் ஒரு குவளைத் தண்ணீருடன் மாத்திரையை விழுங்கினார். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் கரைந்து, சிறுகுடலின் சுவர் வழியே குருதிக்குள் புகும். ஆயினும் அது நினைத்த இடத்துக்கு நேரே போய்விட இயலாது. முதலில் கல்லீரலைக் கடக்க வேண்டும். கல்லீரல் என்பது ஊர் எல்லையிலுள்ள சோதனைச்சாவடி போன்றது; வந்த சரக்கில் ஒரு பங்கை அங்கேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் உள்ளே விடும். தப்பிய மருந்து குருதியோடு உடலெங்கும் பரவும். குருதியில் அதன் அளவு மெல்ல ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பின் இறங்கும். இந்த மாத்திரை இரண்டு மணி நேரத்தில், அதாவது காலை பத்து மணிக்கு, உச்சத்தை அடையும் என்பது நிலையத்தின் எதிர்பார்ப்பு. ஆகவே பத்து மணிக்கு எடுக்கும் இரத்தம் முதன்மையானது.

பத்து மணிக்கு, இரத்தம் எடுக்கும் பெண் வந்தாள். அவள் எடைக்காரரின் முழங்கையைத் தடவி நரம்பைத் தேடினாள்.

"என்ன சார், உங்க நரம்பு கண்ணாமூச்சி ஆடுது?"

"வெளிய வந்து பழக்கம் இல்லம்மா அதுக்கு."

அவள் சிரித்தாள். நரம்பும் அகப்பட்டது. இரத்தம் எடுத்த பின் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. பிற இடங்களில் நோயாளியின் கையில் பஞ்சைத் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவளோ விதிப்படி நடப்பவள். முதல் நிமிடம் எதுவும் நிகழவில்லை. இரண்டாம் நிமிடத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் சார் ஒரு மாதிரி ஆயிட்டீங்க? எப்படி இருக்கு உங்களுக்கு?"

"தனியா இருக்கும்மா" என்றார் எடைக்காரர்.

சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டார். ஒரு மனிதக் கை தம் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்து எத்தனை நாளாயிற்று என்று அவர் அப்போது மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். கணக்கின் விடை நாக்கின் வழியாக வந்துவிட்டது. அவள் கெட்ட எண்ணம் எதுவுமின்றி, "பங்கேற்பாளர் கூறியது, அவர் சொற்களிலேயே" என்னும் கட்டத்தில் அதை எழுதிக்கொண்டு போனாள்.

அரை மணி நேரத்தில் படிவ அலுவலர் சிவப்புப் பேனாவைத் திறந்தபடி வந்து சேர்ந்தார்.

"உங்களுக்கு ஒரு பக்கவிளைவு வந்திருக்கு சார். தனிமை. எங்க இருக்கு? இடப்பக்கமா, வலப்பக்கமா?"

"வீட்டுலதான் சார் இருக்கு."

"உடம்புல கேக்கறேன்."

பத்தாம் எண் படுக்கையில் ஒரு பெயின்டர் இருந்தார். பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என ஒன்பது பேர் நெருக்கியடிக்கும் வீட்டிலிருந்து மூன்று நாள் தூங்குவதற்காகவே வந்தவர். அவர் போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "சார், அந்தப் பக்கவிளைவு எனக்கு வரலியே! அண்ணனுக்குக் குடுத்த மாத்திரையில இன்னொண்ணு இருந்தா தாங்க சார், புண்ணியமாப் போகும்."

அலுவலர் அதை எழுதவில்லை; பத்தாம் எண்ணுக்கு அது வினா நேரம் இல்லை.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"ஆறு வருஷம் ஆச்சு சார். எங்க வீட்டம்மா போனதுலேர்ந்து."

"மணி, நிமிஷம் வேணும். ஏழே முக்காலுக்கு நல்லா இருக்கேன்னு சொன்னீங்க. பத்துக்குத் தனியா இருக்குன்னு சொன்னீங்க. அப்ப ஆரம்பம் பத்து மணி."

"காலையில சொன்னது மரியாதைக்குச் சொன்னது சார். ஒருத்தர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னுதானே சொல்லுவோம்?"

அலுவலர் படிவத்தின் இரு பக்கங்களையும் நேர்மையாகத் தேடிப் பார்த்தார்.

"மரியாதைக்கு இதுல கட்டம் இல்ல சார்."

எடைக்காரருக்குத் தம் மேடை நினைவு வந்தது. எடைமேடையில் ஒரு விதி உண்டு. சரக்கு லாரியை எடை போடுமுன் வெறும் லாரியை எடை போட வேண்டும். இந்த வெற்று எடை தவறினால் அதன்மேல் வரும் எல்லாக் கணக்கும் தவறும். இதனால் சில ஓட்டுநர்கள் கிளீனரை இருக்கைக்குக் கீழே படுக்க வைத்து வெற்று எடையைக் கூட்டிக் காட்டப் பார்ப்பார்கள். முப்பத்தோராண்டுகளில் எடைக்காரர் அப்படிப்பட்ட பதினேழு கிளீனர்களைக் காலைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். ஒரு பொய் எடைகூட எழுதியதில்லை. அத்தகையவர் தம் சொந்த வெற்று எடையைத் தவறாகச் சொல்லிவிட்டார். இதை அவர் அலுவலருக்கு விளக்கினார். அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லாரிக்கும் கட்டம் இல்ல சார்" என்றார்.

அன்று முதல், ஒவ்வொரு முறை இரத்தம் எடுக்கும்போதும் எடைக்காரரிடம் ஒரு மர அடிக்கோல் தரப்பட்டது. பூஜ்யம் என்றால் தனிமை அறவே இல்லை. பத்து என்றால் தாங்க இயலாத தனிமை. அவர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஒரே தாளில் இரு கோடுகள் வரையப்பட்டன: மருந்துக்கு நீலக் கோடு, தனிமைக்குச் சிவப்புக் கோடு.

இங்கே அரை ஆயுள் என்பதை விளக்குதல் அவசியம். குருதியிலுள்ள மருந்து பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலமே அதன் அரை ஆயுள் எனப்படும். கல்லீரல் மருந்தை நீரில் கரையும் பொருளாக மாற்ற, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இம்மாத்திரையின் அரை ஆயுள் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரத்தில் பாதி, அடுத்த ஆறில் பாதியின் பாதி என்று குறைந்து, ஐந்து அரை ஆயுள்கள் கழிந்தபின் நூற்றில் மூன்று பங்கே எஞ்சும். அவ்வாறே நீலக் கோடு வியாழக்கிழமை பிற்பகலில் தரையைத் தொட்டது. சிவப்புக் கோடு மட்டும் ஏழில் நின்றது.

ஆனால் அச்சிவப்புக் கோட்டில் சில இடங்களில் பள்ளங்கள் இருந்தன. அவை அனைத்தும் இரத்தம் எடுக்கும் பெண் சற்றுக் கூடுதலாகப் பேசிய வேளைகள் என்பதைப் படிவ அலுவலர் கண்டறிந்தார். புதன்கிழமை மாலை அவள் தன் மாமியார் செருப்பைத் தொலைத்த கதையைச் சொல்லியிருந்தாள். அப்போது கோடு நான்குக்கு இறங்கியிருந்தது. அவளை அழைத்து விசாரித்தார்கள்.

"சும்மா பேசினேன் சார்" என்றாள் அவள்.

"எவ்வளவு பேசினீங்க?"

"அளந்தா சார் பேசுவாங்க?"

வியாழக்கிழமை மாலையே சுற்றறிக்கை வந்தது: பதினோராம் எண்ணிடம் பேசுதல் அங்கீகரிக்கப்படாத மாற்றுச் சிகிச்சையாகக் கருதப்படும். இரவு எட்டு மணிக்கு அவள் வாய் திறவாமல் வந்தாள், நரம்பைத் தேடினாள், இரத்தம் எடுத்தாள், பஞ்சை அழுத்தினாள். இரண்டு நிமிடம் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடைக்காரர் விரலை எட்டில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, திட்டப்படி, கடைசி இரத்தம் எடுக்கப்பட்டது. பத்து மணிக்குப் பதினொருவர் வீட்டுக்குப் புறப்பட்டனர். பெயின்டர் தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னண்ணே, உங்களை விடலியா?"

"பக்கவிளைவு தீரலையாம்."

"தீர்ந்துபோச்சுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"தீரலியே."

பெயின்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை மாதிரி ஆளை வெச்சு எப்படிண்ணே லாரிக்காரங்க பொழைச்சாங்க?" என்றார். பிறகு ஒரு நாள் சந்தித்துத் தேநீர் குடிப்போம் என்று சொல்லிவிட்டு, எங்கே என்று சொல்லாமல் போனார்.

பதினொன்றாம் விதி பின்வருமாறு கூறுகிறது: தீராத பக்கவிளைவுடன் எவரையும் வெளியே அனுப்பலாகாது. இது பங்கேற்பாளரின் பாதுகாப்புக்காக இயற்றப்பட்ட விதி. பன்னிரு படுக்கைக் கூடத்தில் ஒருவரை மட்டும் வைத்திருப்பது வீண் என்பதாலும், தனிமையைப் பிற தாக்கங்கள் கலவாமல் தூய நிலையில் அளக்க வேண்டும் என்பதாலும், எடைக்காரர் மாடியில் ஒரு தனி அறைக்கு மாற்றப்பட்டார். அதன் ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர் இருந்தது. நண்பகலில் கோடு ஒன்பதுக்கு ஏறியது.

இவ்வேற்றத்தால் நிலையம் பெரிதும் உற்சாகம் அடைந்தது. மூன்று மணிக்குக் கூட்டம் நடந்தது. தலைமை ஆய்வாளர் நீள்மேசையின் தலைப்பக்கத்தில் அமர்ந்திருந்தார், படிவ அலுவலர் அவர் பக்கத்தில், எடைக்காரர் மேசையின் மறுகோடியில். தலைமை ஆய்வாளர் எழுந்து உரையாற்றினார்.

"நண்பர்களே! மருந்து குருதியில் இல்லை. ஆனால் விளைவு நீடிக்கிறது. இதன் பொருள் என்ன? மருந்து எங்கோ ஒளிந்திருக்கிறது. உடலில் ஆழ்ந்த அறைகள் உண்டு. கொழுப்பு அத்தகைய ஓர் அறை. அங்கே புகுந்த மருந்து எளிதில் திரும்புவதில்லை. பதினோராம் எண்ணிடம் கொழுப்பு இல்லை என்று சிலர் குறை கூறலாம். குறை கூறுவோர் எக்காலத்திலும் உண்டு. நாம் மனிதனை மதிப்பவர்கள். அதனால்தான் அவனிடம் கேட்பதில்லை, அவன் குருதியிடம் கேட்கிறோம். மனிதன் மரியாதைக்காகப் பொய் சொல்வான். குருதிக்கு மரியாதை தெரியாது. இந்நிலையத்தை நடத்தும் இருபது ஆண்டுகளில் ஒரு பங்கேற்பாளரின் பெயரைக்கூட நான் அறிந்துகொண்டதில்லை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். அந்த அளவுக்கு நாம் பாரபட்சமற்றவர்கள்!"

படிவ அலுவலர் கைதட்டினார். எடைக்காரரும் மரியாதைக்குத் தட்டினார்.

"ஐயா, ஒரு விண்ணப்பம்" என்றார் அவர். "நாளைக்கு நாலு மணிக்கு எம்பொண்ணு போன் பண்ணுவா. நான் வீட்டுல இருக்கணும். இல்லேன்னா இங்கேருந்தாவது பேச விடுங்க. எடுக்கலேன்னா அவ பயந்துடுவா. அடுத்த முறை ஒரு வாரம் கழிச்சுத்தான்."

"பேசினால் தனிமை குறையுமா?" என்று கேட்டார் தலைமை ஆய்வாளர்.

"குறையும் ஐயா."

"அப்படியானால் அது ஒரு மருந்து. நம் மாத்திரையின் விளைவு தீருமுன் வேறு மருந்து தருவதை விதி தடுக்கிறது." அவர் நாற்காலியில் முன்னோக்கிச் சாய்ந்தார். ஆர்வம் வந்துவிட்டது. "அளவு எவ்வளவு?"

"பத்து நிமிஷம்."

"எத்தனை வேளை?"

"வாரத்துக்கு ஒரு வேளை."

"உட்கொண்ட பின் விளைவு எவ்வளவு நேரம் நிற்கிறது?"

எடைக்காரர் யோசித்தார். பொய் எடை எழுதிப் பழகாதவர். "சனிக்கிழமை ராத்திரி முழுக்க இருக்கும். ஞாயித்துக்கிழமை சமைக்கும்போதுகூட அவ சொன்னதை நெனச்சுச் சிரிப்பேன். திங்கள்ல பாதி ஆயிடும். செவ்வாய் ராத்திரி அதுல பாதி. வியாழன் வந்தா, அவ என்ன சொன்னான்னு நெனைவு இருக்கும், குரல் இருக்காது."

அறையில் பேனா ஓடும் ஒலி மட்டும் கேட்டது. படிவ அலுவலர் பச்சைப் பேனாவால் கணக்கிட்டு முடித்தார்.

"அரை ஆயுள் தோராயமா முப்பத்தாறு மணி நேரம் ஐயா. ஆனா வேளைக்கு வேளை நூத்தி அறுபத்தெட்டு மணி நேர இடைவெளி. முதல் வேளை கிட்டத்தட்ட முழுசா வெளியேறின பிறகுதான் அடுத்த வேளையே வருது. உடம்புல ஒண்ணும் சேராது. எத்தனை வருஷம் எடுத்தாலும் இந்த அளவு பத்தாது."

"மிகவும் குறைவான மருந்தளவு" என்று தலைமை ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். "இதை யார் பரிந்துரைத்தது?"

எடைக்காரர் பச்சைப் பேனா எழுதிய தாளைப் பார்த்தார். மூன்றாண்டுகளாக வியாழக்கிழமைகளில் தம்மிடம் என்ன நிகழ்கிறது என்பதை ஒருவர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. அதைச் சொன்னவர் அடுத்த நொடியே அத்தாளை ஓட்டையிட்டுக் கோப்பில் கோத்துவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

சனிக்கிழமை விடிந்தது. தூறல் மீண்டும் தொடங்கியிருந்தது. எதிர்ச்சுவர் நனைந்து கறுத்திருந்தது. ஆறு மணிக்கு இரத்தம் எடுக்கும் பெண் வந்தாள்; பக்கவிளைவு தீரும்வரை அவருக்கு இரத்தம் எடுப்பது தொடர்ந்தது. அடிக்கோலை நீட்டுமுன், சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளின் அடிப்பகுதியில் விரலை வைத்து இரண்டு முறை தட்டினாள். தட்டுவது பேசுவது ஆகாது. எடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான்கு மணி நேர இடைவெளியில் தொடர்ந்து மூன்று முறை பூஜ்யம் பதிவானால் பக்கவிளைவு தீர்ந்ததாகக் கருதப்படும்.

ஆறு, பத்து, இரண்டு. இரண்டு மணிக்கு மூன்றாம் பூஜ்யம். வீட்டுக்குப் பேருந்தில் நாற்பது நிமிடம்.

எடைக்காரரின் விரல் அடிக்கோலின் மேல் வெகுநேரம் நின்றது. இருக்கைக்குக் கீழே படுத்திருந்த பதினேழு கிளீனர்களும் அவர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவன், காலைப் பிடித்து இழுத்தபோது, "அண்ணே, என்னை இறங்கச் சொன்னா நான் எங்கண்ணே போவேன்?" என்று கேட்டிருந்தான். அப்போது அது அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

அவர் விரலைப் பூஜ்யத்தில் வைத்தார்.

அவள் அதை எழுதிக்கொண்டாள். பஞ்சை மட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தாள். அதுவே இன்னொரு பொய்யைச் சற்று எளிதாக்கியது. பத்து மணிக்குப் பூஜ்யம். இரண்டு மணிக்கும் பூஜ்யம்.

தலைமை ஆய்வாளர் வருந்தினார். "ஒன்பதிலிருந்து ஒரே இரவில் பூஜ்யத்துக்கு! இந்த அளவு வேகமான வெளியேற்றத்தை நான் பார்த்ததே இல்லை. தனி அறைதான் இவரைக் குணப்படுத்தியிருக்க வேண்டும்" என்றார். தனிமைக்குத் தனி அறையே சிறந்த சிகிச்சை என்னும் அக்கண்டுபிடிப்பு அவர் முன்னிலையிலேயே பதிவு செய்யப்பட்டது.

பக்கவிளைவு தொடங்கிய நேரம் புதன் காலை பத்து, தீர்ந்த நேரம் சனி பிற்பகல் இரண்டு என்று எழுதிய ஏழு தாள்களில் எடைக்காரர் கையெழுத்திட்டார். மூன்றேகாலுக்கு வெளியே விட்டார்கள். அவர் தூறலில் ஓடிப் பேருந்தைப் பிடித்தார். மூன்று ஐம்பத்தேழுக்கு வீட்டுப் பூட்டைத் திறந்தார். தொலைபேசி ஒரு முக்காலியின்மேல் இருந்தது; அதன் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. ஈரச் சட்டையோடு அதில் அமர்ந்தார். கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. மணி அடித்தது.

"அம்மாடி—"

"பதினோராம் எண்ணுங்களா?" என்றது படிவ அலுவலரின் குரல். "வெளியேறிய ஒரு மணி நேரத்துக்குள்ள தொலைபேசியில நலம் விசாரிக்கணும் சார். மொத்தம் இருபத்திரண்டு கேள்வி."

"சார், பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க சார். எம்பொண்ணு கூப்பிடற நேரம்."

"பாதியில வெச்சா 'தொடர்பு அறுந்தது'ன்னு எழுதணும். எழுதினா வண்டி வரும், திரும்பக் கூட்டிட்டு வர. கேள்வி ஒன்று. தலைவலி உண்டா?"

"இல்ல."

"தலைசுற்றல்?"

"இல்ல சார், எதுவும் இல்ல. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்குங்க."

"கேட்காம போடக் கூடாது சார். வாந்தி?"

அலுவலர் நேர்மையான மனிதர்; ஒரு கேள்வியையும் விடவில்லை. தோல் அரிப்பு, கண் மங்கல், வாய் உலர்தல், கால் வீக்கம் எனப் படிவம் தலையிலிருந்து பாதம்வரை சென்று மீண்டும் தலைக்குத் திரும்பியது.

"இருபத்திரண்டு. தனிமை?"

"சைபர்."

"உறுதியா?"

"சார், சைபருக்குக் கீழ ஏதாவது இருந்தா அதையே போட்டுக்குங்க."

"அப்படிக் கட்டம் இல்ல சார். நன்றி. தங்கள் நலமே எங்கள் நோக்கம்."

அப்போது மணி நான்கு ஏழு. வைத்த கையை எடுக்குமுன் மீண்டும் மணி அடித்தது.

"அப்பா! என்னப்பா இது, நாலு மணியிலேர்ந்து அடிக்கறேன், லைன் பிஸியாவே இருக்கு! நம்ம வீட்டு லைன் பிஸியா இருந்து நான் பார்த்ததே இல்ல. யாருப்பா?"

"அது வந்து... தெரிஞ்சவங்கம்மா."

"ஏழு நிமிஷமாவா! என்கிட்டகூட இவ்வளவு பேசமாட்டீங்களே." அவள் சிரித்தாள். "என்ன பேசினாங்க?"

"எப்படி இருக்கேன்னு கேட்டாங்க."

"தினமும் கேப்பாங்களா?"

"இந்த வாரம் பூரா கேட்டாங்க."

மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அது நெடுநேரம் தூக்கிய பெட்டியை ஒருவர் கீழே வைத்துவிட்டு விடும் மூச்சு.

"அப்பா, இதை எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா முழிச்சுக்கிட்டிருந்தேன். என்னைக் குளிர் அறையிலேர்ந்து வெளிய மாத்தறேங்கறாங்க. சீட்டு எழுதற வேலை. கை வெரைக்காது. ஆனா வேற விடுதி. அங்க போன் மாசத்துக்கு ஒரு தடவைதான். நீங்க ஒத்தையில இருக்கீங்களேன்னு, வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இப்ப லைன் பிஸியா இருந்ததும் எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? எங்கப்பாவுக்கும் பேச ஆள் இருக்கு!"

எடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"விரலு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"ரெண்டு விரல் மடங்கமாட்டேங்குது. அதை விடுங்க. நேரம் ஆயிடும், சீக்கிரம் சொல்லுங்கப்பா. நான் மாத்திக்கட்டுமா? மரியாதைக்குச் சொல்லாதீங்க, உண்மையைச் சொல்லணும். நீங்க எப்படி இருக்கீங்க?"

ஈரச் சட்டையின் கை முழங்கைக்கு மேல் ஏறியிருந்தது. முழங்கையின் உட்பக்கத்தில், பஞ்சு அழுத்திய இடங்களில், சிறிய நீலப் புள்ளிகள் பல வரிசையாக இருந்தன. அவர் அவற்றின்மேல் தம் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.

"நல்லா இருக்கேன்மா" என்றார். "ஒரு குறையும் இல்ல. நீ மாத்திக்கோ."

அவள் இன்னும் ஏதோ சொல்லத் தொடங்கினாள். சனிக்கிழமை, மார்ச் பதின்மூன்று, மாலை சரியாக நான்கு மணி பத்து நிமிடத்துக்கு இணைப்பு தானாகவே துண்டிக்கப்பட்டது.